நயாகராவிலிருந்து திரும்பும் வழியில் லெட்ச்வொர்த் பார்க்: வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

பாளையங்கோட்டைப் பையன்:

வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. செப்டம்பர் கடைசியில் நயாகரா போகிறோம். திரும்பும்போது அரை நாள் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் லெட்ச்வொர்த் ஸ்டேட் பார்க்கில் நிறுத்தலாமா என்று யோசனை. "கிழக்கின் கிராண்ட் கேன்யன்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இங்கே எந்தப் பள்ளத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் கொஞ்சம் சந்தேகம்.

அப்பா அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். சுதந்திர தேவி சிலையைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "பிரெஞ்சுக்காரன் குடுத்தது, படிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார். "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல யாரு இருந்தா? அதைக் காட்டுல" என்கிறார். அம்மாவுக்கு அருவி போதும். சீசன் தவறாமல் குற்றாலம் போனவர். ஆனால் இப்போது முழங்கால் வலி, பத்துப் படிக்கு மேல் இறங்கினால் இரவு தைலம் தேய்க்க வேண்டியிருக்கிறது.

அரை நாள் போதுமா? படி இறங்காமல் பார்க்க முடியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? அப்பாவுக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா? அப்புறம், அம்மா கேட்கச் சொன்ன கேள்வி: குளிக்க விடுவார்களா?

கலா, ரோச்செஸ்டர்:

தம்பி, அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். குளிக்க விடமாட்டார்கள். அருவிக்குக் கிட்டேயே போக முடியாது, ஆறு கிடுகிடு பள்ளத்தில் ஓடுகிறது. பூங்காவில் நீச்சல் குளம் உண்டு, ஆனால் அது கோடைக்கு மட்டும், செப்டம்பர் கடைசியில் மூடியிருக்கும். துண்டு, எண்ணெய் எல்லாம் ஜெர்சியிலேயே இருக்கட்டும்.

ரோச்செஸ்டரில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் லெட்ச்வொர்த்துக்கு ஓட்டிக்கொண்டு போவது என் வேலை. ஆகையால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: அரை நாள் என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள். நயாகராவில் ஒரு இரவைக் குறைத்துக்கொண்டு இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

நான் முதல் தடவை போனபோது செய்த தப்பை நீங்களும் செய்யாதீர்கள். பூங்கா 17 மைல் நீளம். ஜெனசி ஆற்றை ஒட்டி ரிப்பன் மாதிரி கிடக்கிறது. வாசல்கள் பல. நான் ரோச்செஸ்டரிலிருந்து போனதால் வடக்கே மவுண்ட் மோரிஸ் வாசலில் நுழைந்தேன். அருவிகள் எல்லாம் தெற்குக் கோடியில். உள்ளே போனில் சிக்னல் இல்லை. மாமியார் பின் சீட்டில் "அருவி எங்கம்மா, அருவி எங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே வர, கடைசியில் 'கீழ் அருவி' என்ற பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். கீழ் என்றால் சுலபம் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதற்குத்தான் 127 படி. மாமியார் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று தயிர் சாத டப்பாவைத் திறந்துவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அவரிடம் ஹாய் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுதான் அன்றைக்கு அவருக்கு நடந்த நல்ல விஷயம்.

நீங்கள் நயாகராவிலிருந்து வருகிறீர்கள், ஒன்றரை மணி நேரம் ஆகும். தெற்குப் பக்கம் போர்ட்டேஜ்வில் அல்லது காஸ்டைல் வாசலில் நுழையுங்கள். கிளம்புவதற்கு முன்பே மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே ஆரம்பித்து வடக்கே முடித்தால், மவுண்ட் மோரிஸில் வெளியே வந்து 390 நெடுஞ்சாலையைப் பிடித்து அப்படியே ஜெர்சிப் பக்கம் திரும்பிவிடலாம். ஆறும் அதே திசையில்தான் போகிறது, பென்சில்வேனியாவில் பிறந்து வடக்கே ஒன்டாரியோ ஏரிக்கு. அப்பாவிடம் "உத்தரவாகினி" என்று சொல்லிப் பாருங்கள், காரிலிருந்து இறங்கும்போதே ஒரு மரியாதையோடு இறங்குவார்.

அம்மாவுக்கு இரண்டு இடம் போதும். இன்ஸ்பிரேஷன் பாயின்ட்டில் வண்டியை நிறுத்திச் சில அடி நடந்தால் மேல் அருவி, நடு அருவி, பின்னால் ரயில் பாலம் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். அடுத்து நடு அருவி, 107 அடி. நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். வெயில் விழுகிற நேரத்தில் சாரலில் வானவில் நிற்கும். அந்த வானவில்லை வைத்துத்தான் இந்த இடத்தின் பழைய சொந்தக்காரர் லெட்ச்வொர்த் தன் வீட்டுக்கு கிளென் ஐரிஸ் என்று பெயர் வைத்தார். ஐரிஸ் என்றால் கிரேக்கர்களின் வானவில் தேவதை. ஓரத்தில் கல் சுவர் ஓடும், சில இடங்களில் இடுப்பு உயரம்கூட இருக்காது. அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டாம். அந்தப் பாறை பழைய கடலடிச் சேறு இறுகியது, அப்பளம் மாதிரி பெயரும். போட்டோவுக்காகச் சுவர் மேல் ஏறுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அந்தச் சுவர்களில் பலவற்றைக் கட்டியது 1930களில் பொருளாதாரம் படுத்துப்போனபோது அரசு திரட்டிய வேலையில்லாப் பையன்கள். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். அப்பாவுக்கு இது பிடிக்கும்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் தருகிற இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தவர்கள் செனெக்கா என்ற பழங்குடி மக்கள். நடு அருவிக்கு எதிரே சின்ன மியூசியம். குளிர் காலத்தில் கிடையாது, செப்டம்பரில் திறந்திருக்கும், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் 1876-இல் கிடைத்த மாஸ்டடான் மண்டை ஓடு உள்ளே இருக்கிறது. யானைக்குப் பெரியப்பா மாதிரி. அதற்குப் பின்னால் மேட்டின் மேல் ஒரு புல்வெளி, அங்கே ஒரு மரவீடு. அதுதான் செனெக்காக்களின் சபை வீடு. முதலில் இங்கே இருந்ததில்லை. ஆற்றின் தெற்கே கனடியா என்ற ஊரில் இடிந்து விழுகிற நிலையில் இருந்ததை, கட்டை கட்டையாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். 1872 அக்டோபர் 1 அன்று செனெக்கா, மொஹாக் பழங்குடிப் பெரியவர்கள் வந்து உள்ளே நெருப்பு மூட்டிச் சபை கூடினார்கள். முன்னாள் ஜனாதிபதி மில்லர்ட் ஃபில்மோர்கூட வந்திருந்தார். உள்ளே குனிந்து போனால் இருட்டு, பழைய மர வாசனை. செதுக்கிய கட்டைகளில் கோடரி வெட்டு ஒவ்வொன்றும் தெரியும். என் அப்பா அதை விரலால் தடவிக்கொண்டே நின்றார். அவர் தச்சர்.

அந்த வீட்டுக்கு எதிரே ஒரு சிலை. தோலாடை போட்ட பெண், முதுகில் குழந்தை. மேரி ஜெமிசன். அப்பாவுக்குக் கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குச் சொல்கிறேன், சிலைக்குக் கீழே நின்று நீங்கள் சொல்லுங்கள்.

1743-இல் அயர்லாந்திலிருந்து வந்த கப்பலில், நடுக்கடலில் பிறந்தவள். பென்சில்வேனியாவில் இப்போதைய கெட்டிஸ்பர்க் பக்கம் குடும்பம் குடியேறியது. பன்னிரண்டோ பதினைந்தோ வயதில் (வருடத்தில் இரண்டு கணக்கு உண்டு) ஷானி என்ற இன்னொரு பழங்குடி வீரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வளைத்துக் குடும்பத்தைப் பிடித்துப் போனார்கள். வழியில் ஒரு சாயங்காலம் இவளுடைய செருப்பைக் கழற்றி மான்தோல் காலணி போட்டுவிட்டார்கள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இவளை மட்டும் உயிரோடு வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அப்போது அம்மா சொன்னது: உன் பேரை மறக்காதே, இங்கிலீஷை மறக்காதே, ஜெபத்தை மறக்காதே, தப்பித்து ஓடப் பார்க்காதே.

இப்போதைய பிட்ஸ்பர்க் இருக்கிற இடத்தில் இரண்டு செனெக்கா அக்கா தங்கைகள் அவளை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய தம்பி போரில் செத்துப்போயிருந்தான். செத்தவன் இடத்துக்கு ஒரு ஆளைத் தத்து எடுப்பது அவர்கள் வழக்கம். முதலில் அவனுக்காக ஒப்பாரி வைத்து அழுதார்கள், அழுது முடித்ததும் இவளைச் சுற்றிச் சிரித்துக் கொண்டாடினார்கள். டெகெவானஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு கூடப் பிறந்தவளைப் போலத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் காதுபட இங்கிலீஷ் பேசக் கூடாது. தனியாக இருக்கும்போதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தையும் பாடத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாளாம். எண்பது வயதில் ஒருவர் வந்து அவள் வாழ்க்கையைக் கேட்டு எழுதினார், 1824-இல் புத்தகமாக வந்தது. அப்போதும் இங்கிலீஷ் இருந்தது, அயர்லாந்துக் குரலோடு.

என் மகள் இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும். இந்தக் கதையை அவளுக்குச் சொன்னபோது, "திரும்பிப் போகலாம்னு சொன்னாங்களா? சொன்னாங்கன்னா ஏன் போகலை?" என்று கேட்டாள், ஆச்சரியமாகத் தமிழில். சொன்னார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போர் முடிந்ததும் "நீ போக விரும்பினால் போகலாம்" என்று செனெக்காக்களே சொன்னார்கள். மகன் தாமஸை அவர்கள் விடவில்லை. மற்றப் பிள்ளைகளை அழைத்துப் போனால் அங்கே தன் சொந்தக்காரர்கள் இவர்களைக் கேவலமாகப் பார்ப்பார்கள் என்று பயந்து இங்கேயே தங்கிவிட்டாள்.

முதுகில் இருக்கும் குழந்தை அந்தத் தாமஸ்தான். தன் அப்பா பெயரைத்தான் வைத்திருக்கிறாள். ஓஹையோவிலிருந்து இந்த ஆற்றங்கரைக்கு அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஐந்நூறு, அறுநூறு மைல் நடந்து வந்தாள். அதைத்தான் 1910-இல் சிலையாக வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. 1779-இல், அந்தச் சுதந்திரப் போர் நடக்கும்போது, ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய சல்லிவன் படை இந்தப் பள்ளத்தாக்கில் செனெக்கா ஊர்களை எரித்து, சோளக் கொல்லைகளை அழித்துவிட்டுப் போனது. குளிர் காலம் தலைக்கு மேல். இவள் இரண்டு பிள்ளைகளை முதுகில் போட்டுக்கொண்டு, மூன்றை நடக்க வைத்துக்கொண்டு கார்டோ என்ற ஆற்றுப் படுகைக்கு வருகிறாள். அங்கே அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இரண்டு கறுப்பு மனிதர்கள் சோளம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சோளம் உரித்துக் கொடுக்கிறாள், பத்துச் சரத்துக்கு ஒரு சரம் கூலி. இவளை யாராவது வந்து தூக்கிப் போய்விடுவார்களோ என்று அதில் ஒருவர், அவள் உரித்து முடிக்கும் வரை குண்டு போட்ட துப்பாக்கியோடு பக்கத்திலேயே நின்றாராம். நான் செய்த வேலைக்கு ஈடாக அவர் வேலை கெட்டுப்போனதே என்று நினைத்து நினைத்து ஆயிரம் தடவை சிரித்திருக்கிறேன் என்று கிழவி எண்பது வயதில் சொல்லியிருக்கிறாள். பூங்கா சாலையில் கார்டோ என்ற பலகை போட்ட இடத்தில் நிறுத்தினால், கீழே அந்தப் படுகை தெரியும். ஆறு வளைந்து போகிற பச்சைச் சமவெளி. 1797 உடன்படிக்கையில் அவள் பெயருக்கு 17,927 ஏக்கர் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் போய்விட்டது, அது இன்னொரு கதை. நடுவில் தாமஸை இன்னொரு மகன் ஜான் ஒரு சண்டையில் கொன்றான், அடுத்த வருடம் தன் தம்பி ஒருவனையும் கொன்றான், பிறகு ஜானையும் யாரோ அடித்துக் கொன்றார்கள். இதை அம்மா முன்னால் சொல்ல வேண்டாம்.

1833-இல் பஃபலோ பக்கம் செத்துப்போனாள். அந்த இடுகாட்டை நகரம் விழுங்க ஆரம்பித்ததும் பேரன் கேட்டு, 1874-இல் எலும்புகளை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். சிலையின் காலடியில்தான் இருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் யாராவது அங்கே காசும் கூழாங்கல்லும் வைத்திருப்பார்கள்.

இடம் கொடுத்தவர் லெட்ச்வொர்த், பஃபலோவில் குதிரைச் சேணத்துக்கான இரும்புச் சாமான் வியாபாரம் செய்து சம்பாதித்தவர். 1859-இல் வாங்கும்போது மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த இடம், நடு அருவிக் கரையில் மர அறுவை ஆலை. ஆயிரக்கணக்கில் மரம் நட்டார். பின்னால் மின்சாரத்துக்காக ஆற்றில் அணை கட்ட ஒரு கம்பெனி வந்து நின்றது. அவர்கள் கையில் சிக்காமல் இருக்க 1906-இல் 1,000 ஏக்கரையும் அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் நல்லவர், மறுக்கவில்லை. ஆனாலும் பூங்காவுக்கு அவர் பெயர், சிலைக்கு அவள் பெயர் என்பது எனக்குச் சிறு நெருடல்.

சாப்பாடு: கட்டிக்கொண்டு போங்கள். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர். உள்ளே கிடைப்பதை நம்பினால் பிரெஞ்சு ஃப்ரைஸ்தான். மேஜை பெஞ்ச் எங்கே பார்த்தாலும் உண்டு. காருக்கு 10 டாலர் வாங்குவார்கள். அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம்.

பாளையங்கோட்டைப் பையன்:

அக்கா, இதைப் படித்துவிட்டு ஹோட்டல் புக்கிங்கை மாற்றிவிட்டேன். அம்மாவிடம் குளிக்க முடியாது என்று சொன்னதற்கு "அப்ப அது என்ன அருவி" என்றார்கள்.

தண்டவாளம்:

கலா மேடம் பாலத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டார், எனக்கு மனசு கேட்கவில்லை. மேல் அருவிக்கு மேலே போகிற அந்த ரயில் பாலத்துக்கு மூன்று ஜென்மம். 1852-இல் கட்டியது முழுக்க மரம், ஆற்றுக்கு மேல் 234 அடி உயரம். எந்தக் கட்டை கெட்டுப்போனாலும் அதை மட்டும் உருவி வேறு செருகலாம் என்கிற மாதிரி கட்டியிருந்தார்கள். அவ்வளவு யோசித்தவர்களுக்குத் தீ வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. 1875 மே 6 விடிகாலையில் எரிந்து விழுந்தது. அதே வருடம் ஜூலை 31-ஆம் தேதி அங்கே இரும்புப் பாலத்தில் ரயில் ஓடியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலத்துக்குத் தூண் மட்டும் நின்ற வருடங்களை எண்ணினால் அழுகை வரும்.

அந்த இரும்புப் பாலம் 2017 வரை புழக்கத்தில் இருந்தது. கடைசிக் காலத்தில் ரயில் மணிக்கு 10 மைலில் ஊர்ந்துதான் போக வேண்டும். பக்கத்திலேயே புது வளைவுப் பாலம் கட்டி 2017 டிசம்பரில் திறந்து, அடுத்த வருடம் பழையதை எடுத்துவிட்டார்கள். புதியது கீழே தூணே இல்லாமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரே வளைவு. அழகுதான், ஆனால் பழைய பாலத்தின் கறுப்பு இரும்புக் கால்களுக்கு நடுவில் அருவி தெரியும், அது இனி இல்லை. சரக்கு ரயில் மட்டும்தான், நேரம் சொல்ல முடியாது. நான் இன்ஸ்பிரேஷன் பாயின்ட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ரயில் வந்தது நான் கழிப்பறைக்குப் போனபோது.

இன்னொன்று. வெளியே போகும் முன் மவுண்ட் மோரிஸ் அணையைப் பாருங்கள். 1952-இல் முடித்தது, ஆயிரம் அடிக்கு மேல் நீளம். அப்பா "தண்ணி எங்கே?" என்று கேட்பார். பாசனத்துக்குத் தேக்குகிற அணை கிடையாது இது. வெள்ளம் வந்தால் மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும், மற்ற நாளில் ஆறு அதன் காலடி மதகு வழியாகத் தன் பாட்டுக்கு ஓடும். 1972-இல் ஆக்னஸ் புயலில் கிட்டத்தட்ட நிரம்பியே விட்டது. இந்த அணை மட்டும் இல்லாதிருந்தால் கலா மேடத்தின் ரோச்செஸ்டர் மிதந்திருக்கும்.

இரட்டைச் சடை:

வயதானவர்களைப் பற்றிய கேள்வியில் நான் நுழைவது சரியா தெரியவில்லை. என் பையனுக்கு ஆட்டிசம், ஒன்பது வயது. 2021-இல் இந்தப் பூங்காவில் ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே ஒரு மைல் நடைபாதை திறந்தார்கள். பாதை சமமாக, படியே இல்லாமல் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கும் அது நல்லது என்பதால் சொல்கிறேன். அருவிச் சத்தம் கிடையாது, மரங்கள்தான். சத்தம் தாங்காத பிள்ளை போய்த் தனியாக உட்கார இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு ஊஞ்சல், ஆளைச் சுற்றிப் பொதிந்துகொள்கிற மாதிரி. நடு அருவியில் காதைப் பொத்திக்கொண்டு கத்தியவன் அதில் நாற்பது நிமிடம் அசையாமல் இருந்தான். நானும் அவன் அப்பாவும் பக்கத்தில் பேசாமல் நின்றுகொண்டிருந்தோம். யாரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை.

கலா, ரோச்செஸ்டர்:

இரட்டைச் சடை, அந்தப் பாதையை நான் இதுவரை நடந்ததே இல்லை, எனக்குத் தேவையில்லை என்று தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். அடுத்த வாரம் போகிறேன்.

தண்டவாளம் சார், 1972-இல் நான் ரோச்செஸ்டரில் இல்லை, பிறக்கவே இல்லை. ஆனாலும் நன்றி.

பாளையங்கோட்டைப் பையன்:

போய்விட்டு வந்து நான்கு நாள் ஆகிறது. எழுத நேரமே கிடைக்கவில்லை.

காலை ஒன்பதரைக்குப் போர்ட்டேஜ்வில் வாசல். இலை அப்போதுதான் அங்கங்கே சிவக்க ஆரம்பித்திருந்தது. இன்ஸ்பிரேஷன் பாயின்ட்டில் அம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவ்வளவு தண்ணியையும் பார்த்துட்டுச் சும்மா போவணுமா" என்றார்கள். நடு அருவியில் சாரல் முகத்தில் அடித்ததும் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார்கள். குளித்த கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன், சாப்பிட உட்கார்ந்தபோது "குளிச்சா நல்லா பசிக்கும்லா" என்றார்கள்.

மேட்டுக்கு ஏற அம்மாவுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினோம். அக்கா சொன்னபடி கதையைச் சிலைக்குக் கீழே வைத்துத்தான் சொன்னேன். அப்பா வகுப்பில் நிற்பது போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். பாதியில் நிறுத்தி வருடத்தைத் திரும்பக் கேட்டார். 1797 என்று சொன்னதும், "நம்ம பக்கம் அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கட்டபொம்மனைத் தூக்குல போட்டான்" என்றார். அப்புறம் சபை வீட்டுக்குள் போய் வெளியே வரவே இல்லை. நான் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

துப்பாக்கியோடு நின்றவர் கதையைச் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. மகன்கள் கதையை நான் சொல்லவில்லை. அப்பா மியூசியத்தில் படித்துவிட்டு வந்து காரில் சொல்லிவிட்டார். மவுண்ட் மோரிஸ் வரை அம்மா பேசவில்லை. அணையைக் காட்டினேன், காரிலிருந்து இறங்கவில்லை. ரயில் வரவில்லை, தண்டவாளம் சார்.

ஒரு உதவி வேண்டும். 1824-இல் வந்தது என்றீர்களே, அந்தப் புத்தகம் பெரிய எழுத்தில் அச்சில் கிடைக்குமா? அப்பாவுக்கு போனில் படிக்க வராது. நவம்பர் 12 டிக்கெட், அதற்குள் வாங்கிப் பெட்டியில் போட வேண்டும்.